வழிமறித்த டிஎன்ஏ, வழிகாட்டிய டிஎன்ஏ

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிரி. 16 குரோமோசோம்கள், சுமார் 6,000 மரபணுக்கள், ஏறத்தாழ 1.2 கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ: அதன் மரபுச் சொத்து அவ்வளவுதான். இந்தச் சிறிய சொத்திலும் நூற்றில் மூன்று பங்கை இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன. இவற்றுக்கு டிஒய் என்று பெயர். ஐந்து குடும்பங்களில் அதிகம் ஆராயப்பட்டது டிஒய்1. நீளம் ஏறத்தாழ 5,900 எழுத்துகள்.

இது எப்படித் தாவுகிறது? மரபியலாளர் ஜெரால்ட் ஃபிங்க் குழுவினர் 1985இல் ஓர் அழகான சோதனையால் விடை கண்டார்கள். ஆர்என்ஏவாக மாறும்போது மட்டுமே வெட்டி நீக்கப்படும் ஓர் இடைத்துண்டை டிஒய்க்குள் செருகி, அதைத் தாவவிட்டார்கள். புதிய இடத்தில் கிடைத்த நகலில் இடைத்துண்டு இல்லை. ஆகவே டிஒய் முதலில் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, பிறகு மீண்டும் டிஎன்ஏவாகிக் குரோமோசோமில் நுழைகிறது. எச்ஐவி போன்ற ரெட்ரோவைரஸ்களின் வழியும் இதுதான். ஆனால் டிஒய் செல்லை விட்டு வெளியேறித் தொற்றுவதில்லை.

மரபணுவின் நடுவே விழுந்தால் டிஒய் அதைச் சிதைத்துவிடும். மரபணுவுக்கு முன்னால் விழும்போதுதான் வியப்பான விளைவுகள் தெரிகின்றன. ஏடிஎச்2 மரபணு ஆல்கஹாலைப் பயன்படுத்திக்கொள்ள உதவும் நொதிக்குரியது. குளுக்கோஸ் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். முன்னால் டிஒய் வந்து அமர்ந்த ஈஸ்ட்டில் குளுக்கோஸ் இருந்தும் அது தீவிரமாகப் படியெடுக்கப்படுகிறது. ஈஸ்ட்டின் இரண்டு இனச்சேர்க்கை வகைகளும் இணைந்து உருவான செல்லிலோ அந்தத் தீவிரம் குறைகிறது. ஏடிஎச்2க்கும் இனச்சேர்க்கைக்கும் இயல்பில் தொடர்பே கிடையாது. டிஒய்க்கு உண்டு. பக்கத்து மரபணு டிஒய்யின் சட்டத்துக்குக் கட்டுப்படத் தொடங்கிவிட்டது.

ஹிஸ்4 மரபணுவுக்கு நேர்ந்தது நேர்மாறானது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஈஸ்ட் தானே தயாரிக்க இந்த மரபணு வேண்டும். சில ஈஸ்ட்களில் அதன் முன்பகுதியில் டிஒய்யின் முனைத்துண்டு மட்டும், சுமார் 330 எழுத்துகள், தங்கிவிட்டது. அந்தத் துண்டுக்குச் சொந்தமாக ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. வாய்க்கால் தலைப்பில் வேறொருவர் மடை வெட்டியதுபோல, படியெடுப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. உருவாகும் ஆர்என்ஏ நீளமாக இருந்தும் அதிலிருந்து உரிய புரதம் கிடைப்பதில்லை. ஹிஸ்டிடின் ஊட்டாவிட்டால் அந்த ஈஸ்ட் வளராது.

ஃபிங்க்கும் சக ஆய்வாளர் ஃப்ரெட் வின்ஸ்டனும் இங்கே ஒரு நுட்பமான கேள்வியை எழுப்பினார்கள். துண்டு அதே இடத்தில் இருக்க, ஹிஸ்டிடின் இல்லாமலே வளரும் ஈஸ்ட் கிடைக்குமா? கிடைத்தது. அவற்றில் வேறு மரபணுக்கள் மாறியிருந்தன. ‘டிஒய்யை அடக்குபவை’ என்ற பொருளில் அந்த மரபணுக்களுக்கு எஸ்பிடி என்று பெயரிட்டு எண் கொடுத்தார்கள்.

பின்னாளில் அவற்றின் அடையாளம் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. எஸ்பிடி15, மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் பற்றிப் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டாட்டா பிணைப்புப் புரதத்துக்குரியது. எஸ்பிடி11, 12 இரண்டும் டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களுக்குரியவை. எஸ்பிடி3, 7, 8, 20 ஆகியவை சாகா என்ற பெரிய புரதக் கூட்டமைப்பின் உறுப்புகளைத் தருகின்றன. எஸ்பிடி4, 5, 6 தரும் புரதங்கள் படியெடுக்கும் நொதியோடு கூடவே பயணிக்கின்றன. மனித செல்லிலும் இவற்றின் உறவுப் புரதங்கள் உள்ளன. எஸ்பிடி5 புரதத்துக்குப் பாக்டீரியாவிலும் உறவு உண்டு. ஒரு துண்டு இடறிய இடத்தைத் துருவிப் பார்த்ததில் உயிர்களுக்குப் பொதுவான இயந்திரத்தின் உதிரிபாகங்கள் கைக்கு வந்தன.

இத்தனை தொல்லைக்கும் நடுவே ஈஸ்ட் பிழைத்திருப்பதற்கு டிஒய்1 இடம் தேர்ந்து இறங்குவதும் ஒரு காரணம். பெரும்பாலும் அது இடமாற்ற ஆர்என்ஏ மரபணுக்களுக்குச் சற்று முன்னால்தான் இறங்கும். அவற்றைப் படியெடுக்கும் நொதியின் ஓர் உறுப்பே அதற்குப் பிடிமானம். அங்கே இறங்கினால் பெரும்பாலும் எந்த மரபணுவும் சிதைவதில்லை. எனினும் விதிவிலக்குகள் உண்டு. 1996இல் முழு மரபணுத்தொகுப்பும் வெளியான அந்தப் புகழ்பெற்ற ஆய்வக ஈஸ்ட்டிலேயே, ஹாப்1 மரபணுவின் கடைசிப் பகுதியில் ஒரு டிஒய்1 புகுந்து அதன் செயலை மந்தப்படுத்தியிருக்கிறது.

மனித டிஎன்ஏவில் ஏறத்தாழப் பாதி, தாவும் கூறுகளிலிருந்து வந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இனித் தாவாது. ஆனால் சில, பக்கத்து மரபணு எப்போது, எங்கே படியெடுக்கப்பட வேண்டும் என்பதை இன்றும் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரு மரபணுவைப் புரிந்துகொள்ள அதன் எழுத்துகளைப் படித்தால் மட்டும் போதாது. அதன் அண்டையில் யார் வந்து குடியேறியிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.