மசூதித் தெரு வீடு

குறிஞ்சிப்பாடியில் வாழும் நமக்கு, மருதூரில் வள்ளலார் பிறந்த இல்லம் தெரியும். அதுபோல இராமேசுவரம் செல்வோர் தேடிச் சென்று காணும் வீடு ஒன்று மசூதித் தெருவில் உள்ளது. 2002 முதல் 2007 வரை நம் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் அப்துல் கலாம் வளர்ந்த வீடு அது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட வீடு. பின்னர் மாடிகள் எழுந்தன. இன்று அங்கே அவருடைய படங்களையும் விருதுகளையும் காணலாம்.

கலாம் 1931 அக்டோபர் 15இல் பிறந்தார். தந்தை ஜைனுலாபுதீன் படகு கட்டியவர். இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் இரயில் நிற்கவில்லை. ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுக்க உதவி, சிறுவன் கலாம் தன் முதல் ஊதியத்தைப் பெற்றார்.

ஐந்தாம் வகுப்பில் அவர் அருகில் அமர்ந்தவர் கோயில் குருக்களின் மகன் இராமநாத சாஸ்திரி. புதிதாக வந்த ஆசிரியர் கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். நண்பன் கண் கலங்கினான். செய்தி அறிந்த குருக்கள் இலட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை அழைத்து, பிஞ்சு உள்ளங்களில் வேற்றுமையை விதைக்கலாகாது என்று கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார். அதே கலாம் பின்னாளில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றார்.

தோழியரே! நினைவு இல்லம் பெரியவரின் பெருமையைக் கூறும். ஆனால் அந்தக் கடைசி பெஞ்சு நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது: நம் வகுப்பில் தனித்து அமர்ந்திருப்பவள் யார்? நாளை அவளருகில் சென்று அமர்வோமா?

பத்தாம் வகுப்பு மாணவியர்