பழைய தோற்றத்தில் புதிய சைக்கிள்: வாங்குமுன் அறியவேண்டியவை

விவசாயக் குடும்பமொன்றின் கையில் சிறிது பணம் சேருமாயின் முதலில் நினைவுக்கு வரும் பொருள்களுள் துவிச்சக்கரவண்டியும் ஒன்று. தோட்டத்துக்குப் போவது, மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்வது, பிள்ளையைப் பாடசாலையில் விடுவது எல்லாம் அதனை நம்பியே நடக்கின்றன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எத்தனையோ குடும்பங்களின் முழு உடைமையையும் சுமந்தது சைக்கிளே. 2022இல் எரிபொருளுக்கு வரிசை நீண்டபோது, வீட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் அதனையே தேடினார்கள். ஆதலால் ஒரு சைக்கிளைத் தெரிவு செய்வது சிறிய காரியமன்று.

இப்போது மேல்நாட்டுக் கடைகளில் பழையகாலத் தோற்றமுடைய புதுச் சைக்கிள்கள் சில விற்கப்படுகின்றன. தடித்த ரயர், வளைந்த இரும்புச் சட்டம், அகன்ற ஹான்டில், ஒரேயொரு கியர் என்பன அவற்றின் அடையாளங்கள். இவற்றைக் 'கிளங்கர்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் கடகடவென்று சத்தமிடும் பழைய வண்டிக்கு வழங்கும் கேலிப் பெயர் அது. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர், "பார்க்கப் பலமாயிருக்கிறது, வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? அதற்கு இவ்வண்டி எங்கே, ஏன் தோன்றியது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கிளங்கர் பிறந்த கதை

ஐக்கிய அமெரிக்காவில் சிக்காகோ நகரின் ஷ்வின் நிறுவனம் 1933இல் 26 அங்குல விட்டமும் 2.125 அங்குல அகலமும் கொண்ட ரயரைச் சைக்கிளுக்கு அறிமுகப்படுத்தியது. மோட்டார் வாகன ரயரைப் போலக் குறைந்த காற்றழுத்தத்துடன் ஓடக்கூடிய இது, கரடுமுரடான பாதையின் அதிர்ச்சியைத் தானே தாங்கிக்கொண்டது. பத்திரிகை விநியோகிக்கும் சிறுவர்கள் பாரம் ஏற்றிச் சென்றது இத்தகைய வண்டிகளில்தான்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மரின் மாவட்டத்து இளைஞர்கள், பழைய பொருள் கடைகளில் கிடந்த ஷ்வின் எக்செல்சியர் போன்ற வண்டிகளைச் சில டொலருக்கு வாங்கினார்கள். மட்காட் முதலிய மேலதிக பாகங்களைக் கழற்றிவிட்டு மலைப்பாதையில் ஓட்டினார்கள். மெல்லிய ரயருள்ள பந்தயச் சைக்கிள் அங்கே தாக்குப்பிடிக்காது. பழைய இரும்பு வண்டி தாக்குப்பிடித்தது.

பெயர்பக்ஸ் என்னும் ஊரின் அருகே மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான ஒரு மண்பாதை உண்டு. அது ஏறக்குறைய 400 மீற்றர் கீழிறங்குகிறது. 1976 ஒக்ரோபர் 21ஆம் திகதி அதில் முதலாவது பந்தயம் நடந்தது. அக்கால வண்டிகளுக்குப் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிறேக்கே இருந்தது. பின் சில்லின் ஹப்புக்குள்ளே நடக்கும் உராய்வினால் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் புகைந்து எரிந்துவிடும். ஒருமுறை இறங்கியதும் ஹப்பைத் திறந்து புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். 'மீள அடைத்தல்' என்ற பொருள்பட அப்பாதைக்கே 'ரீபாக்' எனப் பெயர் வந்தது.

இனி நடந்ததே நமக்கு முக்கியமானது. அந்த இளைஞர்கள் பழைய வண்டியை அப்படியே போற்றி வைத்திருக்கவில்லை. பின்மிதி பிறேக்கை அகற்றி, மோட்டார் சைக்கிள் லீவர் கொண்டு இயக்கும் வேறு பிறேக்கைப் பூட்டினார்கள். ஏற்றத்தில் மிதிப்பதற்குப் பல கியர்களைச் சேர்த்தார்கள். பழைய சட்டங்கள் பாரமாயும் இடையிடையே முறிவனவாயும் இருந்தமையால், 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் குரோமியம் கலந்த உருக்குக் குழாயினால் புதிய சட்டம் செய்தார். 1979இல் கேரி பிஷரும் சார்ல்ஸ் கெலியும், ரொம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு இவ்வகை வண்டிகளை விற்கத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் ஓடும் மலைச் சைக்கிள் இவ்வாறு உருவானதே.

அவர்கள் வைத்துக்கொண்டவை அகன்ற ரயர், அகன்ற ஹான்டில், உறுதி ஆகிய மூன்று. கைவிட்டவை பின்மிதி பிறேக், ஒற்றைக் கியர், பாரமான சட்டம் ஆகிய மூன்று. இன்று விற்கப்படும் கிளங்கர்களிற் பல, கைவிடப்பட்ட மூன்றையும் பழைய அழகுக்காகத் திரும்பக் கொண்டுவருகின்றன. ஆகவே வாங்குபவர் இம்மூன்றையுமே இருமுறை பார்க்க வேண்டும்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

1. பிறேக்: பின்மிதி பிறேக்குக்குக் கேபிள் இல்லை. சேறும் மழையும் அதனை எளிதிற் பாதிப்பதில்லை. ஆனால் செயின் கழன்றாலோ அறுந்தாலோ பிறேக்கும் இல்லாமற் போகும். எனவே முன் சில்லுக்குத் தனியே ஒரு பிறேக் இருத்தல் அவசியம். மேலும், நம்மவர் பெடலைச் சும்மா பின்னே சுற்றிப் பழகியவர்கள். இவ்வண்டியில் அப்படிச் சுற்றினால் சில்லு உடனே பிடித்துக்கொள்ளும். பின்னால் பிள்ளையோ மூட்டையோ இருக்கும்போது அது ஆபத்தானது. சில நாட்கள் வெறும் வண்டியில் பழகிய பின்னரே பாரம் ஏற்ற வேண்டும்.

2. கியர்: முன் பற்சில்லில் 44 பல்லும் பின்னதில் 18 பல்லும் இருந்தால், 26 அங்குலச் சில்லு ஒரு மிதிச்சுற்றில் ஏறத்தாழ 5 மீற்றர் ஓடும். இது வெறும் வண்டிக்குச் சரி. 36க்கு 20 ஆனால் 3.7 மீற்றர் ஓடும். வேகம் குறைவு, ஆயினும் மணற்பாதையிலும் மூட்டையுடனும் மிதிப்பது எளிது. கடையில் பல்லை எண்ணிப் பார்க்க வெட்கப்பட வேண்டியதில்லை.

3. சட்டம்: சாதாரண உருக்கு, குரோமியம் கலந்த உருக்கு இரண்டும் பயன்படுகின்றன. பின்னது அதே உறுதிக்குப் பாரம் குறைந்தது, விலை கூடியது. எதுவாயினும் ஒட்டுக்களை விரலால் தடவி வெடிப்பு உண்டோ எனப் பார்க்க வேண்டும். கரியரும் மட்காட்டும் பூட்டுவதற்கான துளைகள் உண்டா என்பதையும் கவனிக்க வேண்டும். அழகுக்காகச் செய்த பல வண்டிகளில் அவை இருப்பதில்லை. கரியர் பூட்ட முடியாத சைக்கிள் விவசாயிக்குப் பாதிச் சைக்கிளே.

4. ரயர்: பலர் ஏமாறும் இடம் இதுவே. 26 அங்குலம் என்று எழுதிய எல்லா ரயரும் ஒன்றல்ல. 26 × 2.125 என்பது 559 மில்லிமீற்றர் றிம்முக்கு உரியது. 26 × 1 3/8 என்பது 590 மில்லிமீற்றர் றிம்முக்கும், நாம் அறிந்த உயரமான 28 × 1 1/2 என்பது 635 மில்லிமீற்றர் றிம்முக்கும் உரியவை. ஒன்றை மற்றதற்குப் போட முடியாது. இவ்வண்டிகள் சில 27.5, 29 அங்குலச் சில்லுகளுடனும் வருகின்றன. உங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் அதே அளவு ரயரும் ரியூப்பும் கிடைக்குமா என்று முதலில் கேட்டறியுங்கள்.

5. உயரம்: இரு காலும் நிலத்திற் பதிய, மேற்குழாய்க்கு மேலே சில அங்குல இடைவெளி இருக்க வேண்டும். ஒரே வண்டியைத் தாயும் தந்தையும் மகளும் ஓட்டும் வீட்டில், மிகக் குட்டையானவரின் அளவைக் கொண்டே தெரிவு செய்தல் நன்று. சீற் தடியில் குறித்துள்ள எல்லைக்கு மேலே அதனை உயர்த்தக் கூடாது.

அப்படியானால் உறவினருக்கு என்ன பதில்? ரயர் அளவையும், முன் பிறேக் உண்டா, கரியர் பூட்டலாமா என்பவற்றையும் முதலில் எழுதிக் கேளுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அவ்வண்டி பல ஆண்டுகள் உழைக்கும். வராவிட்டால், அந்தப் பணத்தையே அனுப்பும்படி சொல்லி, ஊர்க்கடையில் திருத்தக்கூடிய சைக்கிளொன்றை வாங்குவதே புத்தி. வழியில் பழுதுபட்டால் அதனைத் தள்ளிக்கொண்டு வீடு வரவேண்டியவர் அனுப்பியவர் அல்லர், நாமே.