கணைய நாளம்: ஒரு சொல், இரு பொருள்

தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோரின் வழக்குகள் சிங்கப்பூர்த் தமிழில் கலந்துள்ளன. அன்றாடப் பேச்சில் இக்கலப்பால் இடர் எதுவுமில்லை. மருத்துவக் கலைச்சொற்களில் இடர் உண்டு. கணைய அறுவை மருத்துவத்தைச் சான்றாகக் கொண்டு அதனை விளக்குவோம்.

முதலில் உடலமைப்பைக் காண்போம். கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்த சுரப்பி. தலை, கழுத்து, உடல், வால் என அதனைப் பகுப்பர். அது சுரக்கும் செரிமான நீரை முன்சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய் அதனுள் நீளவாக்கில் ஓடுகிறது. கழுத்தின் பின்புறத்தில், குடலிலிருந்து வரும் பெருஞ்சிரை ஒன்றும் மண்ணீரல் சிரையும் கூடுகின்றன. அவ்வாறு உருவாகிக் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்வது வாயிற்சிரை.

கணையத்தின் தலைப்பகுதியில் புற்று தோன்றினால், மருத்துவர் கழுத்தை இச்சிரைகளிலிருந்து மெல்லப் பிரிப்பார். கட்டி சிரைச்சுவரில் ஒட்டியிருப்பின், சிரையின் ஒரு பகுதியையும் நீக்கி மீண்டும் இணைக்க நேரலாம். அங்குள்ள அச்சம் பெருங்குருதிப்போக்கு. குழாயின் நிலை வேறு. தலைப்பகுதியை நீக்கியபின், எஞ்சிய கணையத்தின் குழாயைப் பெரும்பாலும் சிறுகுடலோடு பொருத்துவர். அப்பொருத்து கசிந்தால் செரிமான நீர் அண்டையிலுள்ள திசுக்களை அரிக்கும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'கணைய நாளம்' என்றால் தமிழகப் பாடநூல் பயின்றவர் குழாயையே கருதுவார். 'நாளமில்லாச் சுரப்பி' என்பது அவர் அறிந்த தொடர். இலங்கையில் பயின்றவர்க்கு நாளம் என்பது சிரை. நாடி என்பது தமனி. குழாய்க்கு அங்குள்ள சொல் கான். கணையத்தையே அவர்கள் சதையி என்பர். தமிழகத்திலோ நாடி என்பது மருத்துவர் மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பது.

இவ்வேறுபாட்டைப் பிழையெனக் கொள்ளலாகாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் நூலான 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் இலங்கையும் தமிழகமும் தத்தம் பள்ளிகளுக்கெனத் தனித்தனியே கலைச்சொற்களை வகுத்தன. இரண்டிற்கும் மரபு உண்டு.

ஆயினும், சிராங்கூன் சாலைப் பகுதியில் வாழும் மூதாட்டி ஒருவர் அறுவைக்கு ஒப்புதல் அளிக்குமுன், மருத்துவர் கூறுவதைப் பேரன் தமிழில் எடுத்துரைப்பதாகக் கொள்வோம். 'நாளத்தை வெட்டி ஒட்டுவார்கள்' என்றால், வெட்டப்படுவது இரத்தம் ஓடுவதா, செரிமான நீர் ஓடுவதா என்பது அவருக்கு விளங்காது. எதற்கு ஒப்புகிறோம் என்றறியாமலே அவர் ஒப்புதல் தரக்கூடும்.

ஆகவே ஆசிரியர்கள் இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துக் கற்பிக்க வேண்டும். மாணவர்கள் மொழிபெயர்க்கும்போது சொல்லோடு செயலையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். 'இரத்தம் கொண்டுசெல்லும் சிரை', 'செரிமான நீர் செல்லும் குழாய்' என்று கூறினால், எவ்வழக்கில் வளர்ந்தவர்க்கும் பொருள் மயங்காது.