முறுக்கு அச்சும் முப்பரிமாணப் பாடமும்

மடுகரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்த அக்கா மகன், லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அரை மணி நேரமா எக்ஸ்ட்ரூட் குடுக்கிறேன். எழும்பவே மாட்டேங்குது!”

புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய், ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி மூன்று மாதம் படித்தவன். எந்த பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்பது அத்துப்படி. அழுத்தியும் வேலை நடக்காவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

திரையில் ‘எல்’ வடிவத்தில் ஒரு தட்டைப் படம். அதற்குக் கனம் கொடுத்து இரும்புத் துண்டுபோல நிற்க வைக்க வேண்டும். மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஓரிடத்தில் இரண்டு கோடுகள் முட்டவே இல்லை. மயிரிழை இடைவெளிதான்!

உள்ளே அக்கா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். “சமையல்கட்டுல போய் அந்த அச்சைப் பாருடா” என்றேன்.

முறுக்கு அச்சின் வில்லையில் இருக்கும் துளைதான் நாம் வரைகிற தட்டைப் படம். மாவை அழுத்தினால் அந்தத் துளையின் வடிவத்திலேயே நீளமாக வரும். வட்டத் துளை என்றால் தேன்குழல், பட்டையான துளை என்றால் ரிப்பன் பக்கோடா. எக்ஸ்ட்ரூட் செய்வதும் இதையேதான்: ஒரு வடிவத்தை நாம் சொல்லும் தூரத்துக்குத் தள்ளுகிறது. ஆனால், அந்த வடிவம் சுற்றிலும் மூடிய வேலியாக இருக்க வேண்டும். வேலியில் சந்து இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று கணினிக்குப் புரியாது. சில மென்பொருள்கள் பிழை காட்டும். சில, தாள் போன்ற வெறும் பரப்பை எழுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும். இந்த இரண்டாவது ரகம்தான் ஆபத்து. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

இன்னொரு வழி, சுழற்றுவது. மடுகரைக்காரர்களுக்கு வில்லியனூர் சுடுமண் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்றது அது. அந்தக் கலையில் பேர் பெற்ற வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. குயவர் சக்கரத்தில் பானை எழும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? கை ஓரிடத்தில் நிற்கிறது, மண் சுற்றுகிறது. கணினியிலும் பானைச் சுவரின் ஒரு பக்கத்தை மட்டும் வரைந்து, நடு அச்சைச் சுற்றி 360 டிகிரி சுழற்றினால் போதும். முழுப் பானையையும் வரைந்துவிட்டுச் சுழற்றினால், இடமும் வலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பிவிடும். வளைந்த பைப்புக்கும், சதுரத்தில் தொடங்கி வட்டத்தில் முடியும் புனலுக்கும் வேறு கட்டளைகள் உண்டு. இந்த இரண்டும் பிடிபட்டால் அவை தானாக வரும்.

கோட்டை வரைவதைவிட அதற்குக் கட்டளை போடுவதுதான் முக்கியம். 1963-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஐவன் சதர்லேண்ட், ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலில் ‘இந்த இரண்டு கோடும் இணையாக இருக்கட்டும்’ என்று கணினியிடம் சொல்ல வழி செய்துவிட்டார். 1988-ல் வந்த ‘ப்ரோ/இன்ஜினீயர்’, ஓர் அளவை மாற்றினால் முழு உருவமும் மாறும் முறையைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனது. நம் பிள்ளைகள் பலர் இன்னமும் மவுஸால் இழுத்து, குத்துமதிப்பாக வரைகிறார்கள். 40 மில்லிமீட்டரை 50 ஆக்கச் சொன்னால் படமே கோணிக்கொள்கிறது. திருபுவனையிலோ சேதராப்பட்டிலோ நேர்முகத் தேர்வுக்குப் போனால், அங்கே மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எல் துண்டு எழும்பியதும் பையனுக்கு உற்சாகம். அடுத்து, பித்தளை அச்சு வில்லையையே வரையச் சொன்னேன். குறுக்களவு 50 மில்லிமீட்டர், கனம் 2 மில்லிமீட்டர், நடுவில் நட்சத்திரத் துளை. எடையைக் கேட்டால், கிட்டத்தட்ட 4 கிராம் என்றது கணினி. அக்காவின் சமையலறைத் தராசில் வைத்தோம். 32 கிராம்!

பையன் முகம் வாடிவிட்டது. வரைந்ததில் தப்பில்லை. என்ன உலோகம் என்று சொல்லாததால், அந்த மென்பொருள் தண்ணீரின் அடர்த்தியை எடுத்துக்கொண்டிருந்தது. பித்தளை தண்ணீரைவிட எட்டரை மடங்கு கனமானது. பொருளை மாற்றியதும் கணக்கு சரியாக வந்தது.

இதையெல்லாம் பழக விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. ‘ஃப்ரீகேட்’ முற்றிலும் இலவசம். கம்ப்யூட்டர் இல்லை, போன்தான் இருக்கிறது என்றால் ‘ஆன்ஷேப்’ செயலி இருக்கிறது. அதன் இலவசக் கணக்கில் வரைவது எல்லோர் கண்ணிலும் படும், அவ்வளவுதான். பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கையில் ஒரு பொருளைக் கொடுத்து, அளந்து வரையச் சொல்வீர்களா?”

“டேய், வில்லையைக் குடுங்கடா, எண்ணெய் காயுது!” என்று உள்ளிருந்து அக்கா சத்தம் போட்டாள். துளையின் முனைகளை இன்னும் அளந்து முடிக்கவில்லை என்றான் பையன்.