துறைமுகத்தின் கண்ணும் குரலும்

மும்பைத் துறைமுகப் பரப்பில் இரண்டு பெருந்துறைமுகங்கள் எதிரெதிரே அமைந்துள்ளன. நகரை ஒட்டியிருப்பது பழைய மும்பைத் துறைமுகம். மறுகரையில் நவசேவாவில் இருப்பது 1989-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு துறைமுகம். இரண்டுக்கும் வரும் பெருங்கப்பல்கள் ஆழப்படுத்தப்பட்ட ஒரே முதன்மைக் கால்வாய் வழியாகவே கடலிலிருந்து நுழைகின்றன. கோலி மீனவர்களின் படகுகளும், எலிபெண்டாவுக்குச் செல்லும் லாஞ்சுகளும் அதே நீரில்தான் உலவுகின்றன. ஒவ்வொரு பெருங்கப்பலிலும் அதன் தலைவர் இருக்கிறார். வழியறிந்த பைலட்டும் ஏறுகிறார். ஆயினும் துறைமுகம் முழுவதையும் ஒருசேரக் காண்பவர் கரையில் அமர்ந்திருக்கிறார். அவரே கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்.

அவருடைய சாதனங்கள் மூன்று. இருளிலும் மூடுபனியிலும் கலங்களின் இருப்பிடத்தைக் காட்டுவது ரேடார். பெருங்கப்பலின் பெயர், திசை, வேகம் ஆகியவற்றைத் தானே அறிவிப்பது அடையாளக் கருவி. மூன்றாவது, வானொலித் தொலைபேசி. கரையில் ரேடார் வைத்துக் கப்பல்களைக் கண்காணிக்கும் முறை 1948-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் நடைமுறைக்கு வந்தது. சிறு மரப்படகுகளில் அடையாளக் கருவி பெரும்பாலும் இராது. ரேடாரிலும் அவை மங்கலாகவே தோன்றும். ஆதலின் திரையை மட்டும் நம்பியிருப்பது போதாது.

இரயில் நிலையத்துச் சிக்னல்காரரோடு இவரை ஒப்பிடலாம் என்று தோன்றும். ஆனால் கடலில் தண்டவாளம் இல்லை. சுமையேற்றிய பெருங்கப்பல் எந்திரத்தை நிறுத்திய பின்னும் சில கிலோமீட்டர் தூரம் ஓடும். அதைத் திருப்பும் சுக்கானும் கரையில் இல்லை. சர்வதேச விதியின்படி கப்பலைச் செலுத்தும் பொறுப்பு எப்போதும் அதன் தலைவரையே சாரும். எனவே கட்டுப்பாட்டாளரின் கையில் உள்ள கருவி சொல் ஒன்றே.

இச்சொல்லுக்கு 2001-ஆம் ஆண்டில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஓர் ஒழுங்கை ஏற்றுக்கொண்டது. செய்தி தகவலா, அறிவுரையா, எச்சரிக்கையா, கட்டளையா என்பதை முதலிலேயே கூறிவிடலாம். கட்டளையிட வேண்டின் அதற்குச் சட்ட அதிகாரம் இருத்தல் வேண்டும். அப்போதும் அடைய வேண்டிய பயனைச் சொல்வதே முறை. சுக்கானை எவ்வளவு திருப்புவது என்பது தலைவரின் முடிவு.

எண்களை ஒவ்வோர் இலக்கமாக உச்சரிப்பது மரபு. ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் அல்லவா? 'மே' என்னும் ஆங்கிலச் சொல்லையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். நம் மொழியிலும் 'கப்பல் நுழையலாம்' என்றால் அது அனுமதியா, நுழையக்கூடும் என்னும் ஊகமா? வீட்டுப் பேச்சில் இந்த ஐயம் தீங்கற்றது. குறுகிய கால்வாயில் அது கேடாய் முடியும். ஆகவே 'நுழைய அனுமதி உண்டு' என்று திட்டமாகச் சொல்லவேண்டும். கேட்டவரும் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தவேண்டும்.

2010-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் காலை, நவசேவாவிலிருந்து வெளியேறிய 'எம்.எஸ்.சி. சித்ரா' என்னும் கப்பலும், உள்ளே வந்துகொண்டிருந்த 'கலீஜியா 3' என்னும் கப்பலும் மும்பைக்கு அருகே மோதிக்கொண்டன. உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான சரக்குப் பெட்டிகள் கடலில் விழுந்தன. எண்ணெய் பரவிக் கரையோர அலையாத்திக் காடுகளில் படிந்தது. இரு துறைமுகங்களின் போக்குவரத்தும் சில நாட்கள் தடைப்பட்டது. மீன் வாங்கவே மக்கள் தயங்கியபோது, மோதலோடு எவ்விதத் தொடர்புமற்ற மீனவர் குடும்பங்கள் அதன் விலையைக் கொடுத்தன.

வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு, சொன்னது ஒன்றும் கேட்டது ஒன்றுமாக முடிவது புதிதன்று. பல நாட்டு மாலுமிகளும் தத்தம் உச்சரிப்போடு பேசும் அந்த அலைவரிசையில், கட்டுப்பாட்டாளர் நாள்தோறும் எதிர்கொள்வது இதே இடர்தான். விபத்தின்றி ஓர் இரவு கழிந்தால் அவர் பணியை எவரும் அறியமாட்டார். அறியப்படாமலிருப்பதே அப்பணியின் வெற்றி.