சிவப்பு மூடியா? ஆரஞ்சு மூடியா?



ஒர்க்‌ஷாப்பில் வெர்னியரைத் தப்பாகப் படித்தால் ஒரு ஜாப் வீணாகும், அவ்வளவுதான். முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கும்போது அளவு தப்பினால் ஓர் உயிரே போகலாம்.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒன்றில் மில்லிக்கு 40 யூனிட், மற்றதில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். அதாவது 50 யூனிட்! சர்க்கரை மளமளவென்று இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று போகும். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் 8 யூனிட்தான் வரும். சர்க்கரை குறையாது. இரண்டிலும் கோட்டைச் சரியாகத்தான் படித்தார்கள், ஸ்கேல்தான் தப்பு. ஆகவே பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நர்சிங் படிப்பவர்களுக்கு ஐந்து 'சரி' சொல்லித் தருகிறார்கள்: சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம். ஒரே இல்லத்தில் இரண்டு மாரியம்மா பாட்டி இருக்கலாம். அதனால் மருந்துப் பெட்டியில் பெயரோடு போட்டோவும் ஒட்டணும். மாத்திரையைக் கொடுத்த கையோடு நோட்டில் குறிக்கணும். இல்லேன்னா அடுத்த ஷிப்ட்டுக்கு வர்றவங்க மறுபடியும் கொடுத்துடுவாங்க. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மாத்திரை. தினமும் கொடுத்தால் அதுவே விஷம்.

எங்க கரடியூரில் ராத்திரி ஒருத்தருக்கு மயக்கம்னா, ஏற்காடு வந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் சேலம் பெரிய ஆஸ்பத்திரி. அதனால் தப்பு நடக்காமல் பார்ப்பதுதான் எங்களுக்கு முதல் வைத்தியம். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அட்டையில் இருப்பதை வாசிக்க வேண்டியது யார்? எங்க வீட்டில் முதன்முதலா படிச்சது நான்தான். உங்களில் பலரும் அப்படியே. லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெரியவர்களின் மருந்துப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள் நண்பர்களே!

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்