எழுதும் உத்தியோகத்தரும் தாபனக் கோவையும்

அரச உத்தியோகத்தர் ஒருவர் தமது சொந்த வலைப்பூவிலோ முகநூலிலோ எழுதுவது அவருடைய தனிப்பட்ட காரியந்தானா, பதவி அங்கும் அவரைத் தொடர்கிறதா என்ற வினாவுக்கு, இலங்கையின் பொது நிர்வாக அமைச்சு 2022 செப்டெம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை கடுமையான விடையொன்றை அளித்தது. அரச ஊழியரின் நியமனம், விடுமுறை, நடத்தை முதலியவற்றை நெறிப்படுத்தும் விதித்தொகுப்பான தாபனக் கோவைக்கு முரணாகச் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது, ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என்று அது அறிவித்தது. நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த அக்காலப்பகுதியிலேயே, அம்பாந்தோட்டைச் சிறுவரின் ஊட்டக்குறைவைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசிய மருத்துவர் ஒருவர் பணி இடைநிறுத்தத்துக்கு உள்ளானார்.

ஊழியரின் பொது நடத்தையையும் ஒழுக்கத்தையும் பற்றிய கோவையின் 47ஆம் அத்தியாயம் இணையம் பரவுவதற்கு முன்பே வகுக்கப்பட்டது. அலுவலகத் தகவலை ஊடகங்களுக்கு வழங்கும் அதிகாரத்தை அது மேல்நிலை அதிகாரிகளிடமே விட்டுவைக்கிறது. நோயாளியின் குறிப்பேடும் பரீட்சை வினாத்தாளும் காணிக் கோவையும் வெளியே கசியக் கூடாது என்பதில் எவருக்கும் மறுப்பிருக்க முடியாது. ஆனால் பதவியால் கிடைத்த இரகசியம் வேறு, ஊரில் வாழ்வதால் எழும் கருத்து வேறு. இவ்விரண்டுக்கும் இடையில் தெளிவான கோடு கீறப்படாமையே பெருங்குறை.

மட்டக்களப்பு வாவிக் கரையில் அக்குறை கண்கூடானது. வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் வசித்து மேற்குப் பக்கமான படுவான்கரைப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் வாவியைக் கடக்கிறார்கள். அப்பாதையின் தாமதத்தைப் பற்றியோ தமது பாடசாலையின் ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றியோ அவர்களுள் ஒருவர் எழுதினால், முன்னது பயணியின் முறைப்பாடு, பின்னது நிர்வாகத்தின் மீதான விமர்சனம் என எந்த அதிகாரி, எந்த அளவுகோலால் பிரிப்பார்? ஊரைப் பற்றி ஊராரே எழுதும் எழுத்தில் பெரும்பங்கு ஆசிரியர்களுடையதும் எழுதுவினைஞர்களுடையதுமாக இருக்கும் இப்பிரதேசத்தில், அவர்கள் தயங்கினால் அந்த எழுத்தே மெலிந்துவிடும்.

இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைப் பிரசைகள் எல்லோருக்கும் உறுதிசெய்கிறது. இந்தியாவில் திரிபுரா உயர் நீதிமன்றமும், முகநூற் பதிவுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஊழியர் ஒருவரின் வழக்கில், அரச சேவையில் சேர்ந்ததனாலேயே ஒருவர் அவ்வுரிமையை இழப்பதில்லை என்று 2020இல் தெளிவுபடுத்தியது. இலங்கையில் இவ்வுரிமை மீறப்பட்டதாகக் கருதுபவர் ஒரு மாதத்துக்குள், நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆகவே, எழுதியதற்காகச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட படுவான்கரை ஆசிரியர், அந்தச் சில வாரங்களுக்குள், பாடவேளைகளுக்கிடையே ஆவணங்களைத் திரட்டி, 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பில் சட்டத்தரணி ஒருவரையும் தேடிக்கொள்ள வேண்டியவராகிறார்.